டீச்சர் பதில்கள்: ‘பே’க்குக் கீழே ஒரு புள்ளி

சென்ற இதழில், “பிஸ்மியை ஞானிகள் எழுத்தெழுத்தாகப் படித்தார்கள்” என்று ஒரு வரி எழுதிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. மனம் நிறைந்துபோயிற்று. ஆகவே இந்த இதழ் முழுவதும் பிஸ்மிக்கும் அல்ஹம்து சூராவுக்கும்தான். பிஸ்மி என்பது ‘பிஸ்மில்லாஹிர் றஹ்மானிர் றஹீம்’, அதாவது ‘அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் பெயரால்’ என்ற தொடக்க வாசகம். அல்ஹம்து, குர்ஆனின் முதல் சூரா, முதல் அத்தியாயம். ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மார்க்கக் கல்வி கற்ற ஆலிமா இல்லை. முப்பத்திரண்டு வருடம் தோட்டப் பாடசாலைகளில் தமிழ் படிப்பித்தவள். மார்க்கத் தீர்ப்புக் கேட்டு எழுதியவர்கள் உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேளுங்கள். படித்ததையும், கம்பளையில் என் உம்மும்மாவின் (தாயின் தாயின்) மடியில் இருந்து கேட்டதையும் வைத்துத்தான் நான் பேசுகிறேன்.

*

அன்பின் டீச்சர், “குர்ஆன் முழுவதும் அல்ஹம்து சூராவில் அடங்கும், அல்ஹம்து பிஸ்மியில் அடங்கும், பிஸ்மி அதன் முதல் எழுத்தான ‘பே’க்குள் அடங்கும், ‘பே’ அதன் கீழே உள்ள புள்ளிக்குள் அடங்கும்” என்று என் வாப்பும்மா (தந்தையின் தாய்) அடிக்கடி சொல்வார். அறபுக் கல்லூரியில் ஓதும் தம்பி, அது ஹதீஸே (நபிமொழியே) இல்லை, சும்மா கட்டிவிட்டது என்கிறான். இதனால் வீட்டில் இரண்டு பேருக்கும் முகம் கொடுத்த பேச்சு இல்லை. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, அக்குறணை

மகள், தம்பியைக் கோபிக்க வேண்டாம். அவர் சொல்வதில் முக்கியமான உண்மை இருக்கிறது. இந்த வாசகத்தை நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகச் சிலரும், அலி (ரழி) அவர்கள் சொன்னதாகச் சிலரும் சொல்வார்கள். ஆனால் ஏற்கத்தக்க அறிவிப்பாளர் தொடரோடு அது வந்ததில்லை. நபியின் பெயரால் ஒன்றைச் சொல்வதற்கு எத்தனை கவனம் வேண்டும் என்று தம்பிக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். அது நல்ல கல்வி.

ஆனால் ஹதீஸ் இல்லை என்றால் வெறும் பேச்சு என்று ஆகிவிடாது. பல நூற்றாண்டுகளாக ஸூபி ஞானிகள் வைத்துச் சிந்தித்த வாசகம் இது. 1365இல் பிறந்த அப்துல் கரீம் அல்-ஜீலி பிஸ்மிக்கென்றே தனியாக ஒரு நூல் எழுதினார். இந்த வாசகத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் அதில் புள்ளியைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். அவருக்கு முன்பே, அந்தலூஸில் (இன்றைய ஸ்பெயினில்) முர்ஸியா நகரில் 1165இல் பிறந்து 1240இல் டமஸ்கஸில் மறைந்த இப்னு அறபி, தன் பெரிய நூலான ‘புதூஹாதுல் மக்கிய்யா’வின் ஐந்தாவது அத்தியாயத்தைப் பிஸ்மிக்கும் அல்ஹம்து சூராவுக்கும் ஒதுக்கினார். ‘பே’யினால் இருப்பு வெளிப்பட்டது, புள்ளியினால் வணங்குபவன் வேறு வணங்கப்படுபவன் வேறு என்று தெரிந்தது என்பது அங்கே வருகிற கருத்து. பக்தாதில் வாழ்ந்த ஷிப்லி என்ற ஞானியிடம் “நீர்தான் ஷிப்லியா?” என்று கேட்டபோது, “நான் ‘பே’க்குக் கீழே உள்ள புள்ளி” என்று அவர் பதில் சொன்னாராம். இதையும் இப்னு அறபி அதே இடத்தில் சொல்கிறார்.

சரி, ஏன் புள்ளி? இந்த இடத்தில் எனக்குள் இருக்கிற தமிழ் டீச்சர் எழுந்து நின்றுவிடுகிறாள். “மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்” என்கிறது தொல்காப்பியம். புள்ளி வைத்தால்தான் அது மெய். ஆனால் பழைய ஓலைச் சுவடிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் புள்ளியே இருக்காது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ‘க’வா ‘க்’கா என்பதை வாசிப்பவர்தான் பொருள் அறிந்து பிரித்துக்கொள்ள வேண்டும். மிகப் பழைய முஸ்ஹபுகளும் (குர்ஆன் பிரதிகளும்) கிட்டத்தட்ட அப்படித்தான். எழுத்துப் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். ஓதத் தெரிந்தவரின் நெஞ்சில் புள்ளி இருந்தது, எழுதிய தோல் ஏட்டில் இருக்கவில்லை. “அந்தக் காலத்தில் புள்ளியே கிடையாதே, பிறகு எப்படி எல்லாம் புள்ளிக்குள் அடங்கும்?” என்று தம்பி கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான். ஆனால் ஞானிகள் மையால் வைத்த புள்ளியோடு நின்றுவிடவில்லை. எழுத்தைத் தன் நிலைக்குக் கொண்டுவருகிற அடையாளமாகத்தான் அதைப் பார்த்தார்கள். புள்ளியை எடுத்துவிட்டால் சொல்லின் தொடக்கத்தில் வரும் அந்தக் கீற்று ‘பே’யா, ‘தே’யா, ‘நூனா’ என்று யாருக்கும் தெரியாது.

என் உம்மும்மா எனக்கு மரப்பலகையில் எழுத்துச் சொல்லித் தந்தவர். “அலிபுக்குப் புள்ளியில்லை, ‘பே’க்குக் கீழே ஒரு புள்ளி, ‘தே’க்கு மேலே ரெண்டு புள்ளி” என்று ராகமாக ஓதுவோம். ஒரு நாள் அடைமழை. மண்ணெண்ணெய் விளக்கு. புள்ளி ஏன் கீழே போக வேண்டும், மேலே வைத்தால் என்ன என்று கேட்டேன். உம்மும்மா பலகையை வாங்கி, கீழே இருந்த புள்ளியை விரலால் அழித்துவிட்டு மேலே ஒன்று வைத்தார். “இப்ப பாரு, இது நூன். கீழ இருந்தாத்தான் பே. நீயும் கீழ இரு, அப்பதான் நீ நீயா இருப்பா” என்றார். அவருக்கு ஷிப்லியின் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கம்பளைத் தக்கியாவில் (ஸூபிகள் கூடும் இடத்தில்) ராத்திபு என்ற கூட்டுத் துதி ஓதியவர்கள் வாயால் கேட்ட ஞானம் அது.

இன்னொன்றையும் பாருங்கள். ‘இஸ்ம்’ என்றால் பெயர். ‘இக்ரஉ பிஸ்மி றப்பிக’ என்ற வசனத்தில் (96:1) ‘பே’க்குப் பிறகு அலிபு, நேர்க்கோடாக நிற்கும் அந்த முதல் எழுத்து, எழுதப்பட்டிருக்கும். ஆனால் பிஸ்மியில் அந்த அலிபு இல்லை. அதற்கு ஈடாக ‘பே’யைச் சற்று நீட்டி எழுதுவார்கள். இலக்கணக்காரர்கள், அதிகம் புழங்கும் சொல் என்பதால் அலிபு உதிர்ந்தது என்பார்கள். ஸூபிகள், அலிபு என்ற ஒன்றானவன் மறைந்து நிற்கிறான், ‘பே’ அவன் உயரத்தைச் சுமந்து நிற்கிறது என்பார்கள். இரண்டையும் கேட்டுக்கொள்ளலாம். ஒன்று எழுத்தின் வரலாறு, மற்றது எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு வந்த குறிப்பு. அதற்கு ‘இஷாரா’ என்றே பெயர். 896இல் மறைந்த ஸஹ்ல் துஸ்தரீயின் விளக்கத்தில் ‘பே’ என்பது பஹா, இறைவனின் பேரழகு; ‘ஸீன்’ ஸனா, அவன் ஒளி; ‘மீம்’ மஜ்து, அவன் மகிமை. நைஸாபூரில் 1072இல் மறைந்த குஷைரீயோ, ‘பே’ தன் நேசர்களுக்கு அவன் செய்யும் நன்மை, ‘ஸீன்’ தேர்ந்தெடுத்தவர்களோடு அவன் வைத்த இரகசியம், ‘மீம்’ தன்னைச் சார்ந்தவர்களுக்கு அவன் அளிக்கும் கொடை என்கிறார். ஒரே எழுத்துக்கு இரண்டு பேர் இரண்டு பொருள் சொன்னார்கள். சண்டை வரவில்லை. ஏனென்றால் வெளிப்பொருளை இருவரும் தொடவே இல்லை.

ஆகவே மகள், வாப்பும்மாவைத் திருத்தப் போக வேண்டாம். “இது ஞானிகள் வாக்கு, நபிமொழி என்று மட்டும் வெளியே சொல்ல வேண்டாம்” என்று தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அன்பாகச் சொன்னால் போதும். பிறகு அந்தப் புள்ளியைப் பற்றி அவர் இன்னும் என்னவெல்லாம் கேட்டு வைத்திருக்கிறார் என்று தம்பி கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

*

வணக்கம் டீச்சர். நாங்கள் எதை எழுதினாலும் மேலே பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்குவோம். முஸ்லிம் கடைகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் 786 என்று இருக்கிறது. அது உங்கள் பிள்ளையார் சுழி என்று சொல்லலாமா?
– ஓர் ஆசிரியர், தலவாக்கலை

வணக்கம் ஐயா. உங்கள் கேள்வியை ஒரு சின்னப் பிள்ளை என்னிடம் 1981லேயே கேட்டுவிட்டாள்.

அப்போது பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் எனக்கு முதல் நியமனம். நாலாம் வகுப்பு. கொப்பிகளைத் திருத்த வாங்கினால் ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே ஒரு ‘உ’ இருக்கும். என் பாடக்குறிப்புக் கொப்பியில், வீட்டுப் பழக்கத்தில், 786 எழுதியிருப்பேன். ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, “டீச்சர், இது என்ன கணக்கு? கூட்டின தொகை எங்க?” என்றாள். தொகைதான் இருந்தது, கணக்குத்தான் காணோம். அன்றைக்கு மூன்றாம் பாடம் கணக்குப் பாடமாகிவிட்டது. அறபு எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. அந்த முறைக்கு ‘அப்ஜத்’ என்று பெயர். பிஸ்மி என்பதற்கு 102, அல்லாஹ் என்பதற்கு 66, அர்றஹ்மான் 329, அர்றஹீம் 289. கரும்பலகையில் எழுதிக் கூட்டச் சொன்னேன். இருபத்தேழு பிள்ளைகளும் 786 என்று எழுதிக் காட்டினார்கள்.

எறியப்படும் தாளில் இறைவன் பெயர் இருந்து கால் படக் கூடாதே என்ற பயபக்தியில் எண்ணை எழுதும் வழக்கம் பரவியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மனதை மதிக்கிறேன். ஆனால் குர்ஆனிலோ ஹதீஸிலோ அதற்கு ஆதாரம் இல்லை. எண் பிஸ்மி ஆகாது, ஓதுவதுதான் பிஸ்மி. நானும் எழுதுவதை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. வாயால் சொல்லிவிட்டுப் பேனையை எடுக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தொடக்கத்தில் தன்னை முன்னால் நிறுத்தாமல் இன்னொருவரின் பெயரை நிறுத்துகிற பணிவு இரண்டிலும் ஒன்றுதான். வேறுபாடு, பிஸ்மி எழுத்துக்கு மட்டும் உரியது இல்லை. உம்மும்மா சுண்டில் அரிசி அளக்கும்போதும் பிஸ்மி, கதவைச் சாத்தும்போதும் பிஸ்மி, தேங்காய் உடைக்கும்போதும் பிஸ்மி.

‘பே’ எழுத்தின் எண் மதிப்பு 2. தமிழ் எண்ணில் இரண்டை எப்படி எழுதுவோம்? ௨. உங்கள் சுழியும் அதே வடிவம்தான். இதை வைத்து யாரும் தத்துவம் கட்ட வேண்டாம், தற்செயல்தான். ஆனாலும் முதன்முதலில் கவனித்த அன்று எனக்கு மெய் சிலிர்த்தது.

*

எங்கள் பள்ளிவாசலில் இமாம் பிஸ்மியைச் சத்தமாக ஓதுகிறார். கொழும்பில் ஒரு பள்ளியில் அல்ஹம்துவிலிருந்துதான் சத்தம் கேட்டது. ஏன்?
– ஒரு மாணவர், நாவலப்பிட்டி

ஷாபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்) பிஸ்மி அல்ஹம்து சூராவின் ஏழு வசனங்களில் முதலாவது. அதனால் சத்தமிட்டு ஓதும் தொழுகையில் அதுவும் சத்தமாக வரும். இலங்கையில் பெரும்பாலோர் ஷாபிஈக்கள். ஹனபி மத்ஹபில் அதை மெதுவாக ஓதுவார்கள், சூராவின் வசனமாக எண்ணுவதில்லை. நீங்கள் போனது ஹனபிப் பள்ளியாக இருக்கலாம்.

*

அன்பின் டீச்சர், றஹ்மான், றஹீம் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை, இரண்டுக்கும் அருள் என்றுதான் பொருள் என்கிறார்கள். பிறகு ஏன் இரண்டு முறை சொல்ல வேண்டும்? தமிழில் ‘அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன்’ என்று படிக்கும்போது வேறுபாடு பிடிபடவில்லை.
– ஒரு தாய், பண்டாரவளை

தமிழாக்கம் செய்தவர்கள் இரண்டு சொல்லைத் தேடிப் பிடித்ததே பெரிய காரியம். ஆனால் நீங்கள் சொல்வது சரி, அளவற்றதும் நிகரற்றதும் ஒன்றுபோலத்தான் காதில் விழுகின்றன.

பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம், றஹ்மான் என்றால் எல்லாப் படைப்புக்கும் அருள் செய்பவன், றஹீம் என்றால் நம்பிக்கை கொண்டோருக்குத் தனியாக அருள் செய்பவன் என்பது. இப்னு அறபி இதை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனார். கேட்காமலே, தகுதி பார்க்காமலே பொழிகிற அருள் ஒன்று. தானே தன்மேல் கடமையாக்கிக்கொண்டு, உழைத்தவனுக்கு எழுதிக் கொடுக்கிற அருள் மற்றொன்று. “என் அருள் எல்லாப் பொருளையும் சூழ்ந்திருக்கிறது” என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே “பயபக்தியுடையோருக்கு அதை எழுதுவேன்” என்று வரும் வசனம் (7:156) இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. படைப்பு முழுவதும் றஹ்மானின் மூச்சிலிருந்து வெளிவந்த சொற்கள் என்றும் அவர் எழுதினார். பேசும்போது நம் மூச்சு எழுத்தாகிறதே, அதுபோல. நாம் இருக்கிறோம் என்பதே முதல் அருள். அதற்கு முன் நாம் எதையும் கேட்டிருக்க முடியாது, கேட்க நாம் இல்லை.

நீங்கள் பண்டாரவளையில் இருக்கிறீர்கள். மழையைப் பாருங்கள். பதப்படுத்தின மலைக்கும் பெய்கிறது, காடாகப் போன மலைக்கும் பெய்கிறது, பாறைக்கும் பெய்கிறது. அப்புறம் தவறணையை, அந்த நாற்றுமேடையை, பாருங்கள். தேயிலைக் கன்றுகளுக்கு நிழல் கட்டி, பூவாளியால் ஒவ்வொன்றுக்கும் நீர் ஊற்றுகிறார்கள். முதலாவது றஹ்மானின் அருள் என்றால் இரண்டாவது றஹீமுடையது. பூவாளிக்குள் இருப்பதும் அதே மழைத் தண்ணீர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். வேர்ச்சொல் ஒன்றாக இருப்பதன் அழகு எனக்கு அங்கேதான் புரிந்தது.

வேர்ச்சொல் என்றதும் ஒன்று. அறபியில் ‘றஹிம்’ என்றால் கருப்பை. “நான் றஹ்மான், கருப்பையைப் படைத்தேன், என் பெயரிலிருந்து அதற்கு ஒரு பெயரை எடுத்துக் கொடுத்தேன்” என்று இறைவன் சொல்வதாக ஹதீஸ் இருக்கிறது. தமிழிலும் கரு, கருணை என்று பக்கத்தில் பக்கத்தில் வருகிறதே என்று ஒரு மாணவி கேட்டாள். கருணை வடமொழியிலிருந்து வந்த சொல், வேர் வேறு. ஆனால் அந்தப் பிள்ளையின் காது நல்ல காது.

அருளை இறைவன் நூறு பங்காக்கி, ஒரே ஒரு பங்கைத்தான் பூமிக்கு இறக்கினான். அந்த ஒரு பங்கினால்தான் ஒரு பிராணி தன் குட்டியை மிதித்துவிடாமல் குளம்பைத் தூக்கிக்கொள்கிறது. மிச்சம் தொண்ணூற்றொன்பதையும் மறுமைக்கு வைத்திருக்கிறான் என்று புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் வருகிறது. நீங்கள் ஒரு தாய் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் நீங்கள் விழித்திருந்தது அந்த நூற்றில் ஒன்றின் ஒரு துளி.

*

சூரத்துத் தௌபாவுக்கு மட்டும் பிஸ்மி இல்லாதது ஏன்? அதற்கும் ஸூபிகள் விளக்கம் சொன்னார்களா?
– ஒரு வாசகர், மாத்தளை

114 சூராக்களில் 113க்குத் தலைப்பில் பிஸ்மி உண்டு, ஒன்பதாவதற்கு மட்டும் இல்லை. அதற்கு முந்திய ‘அன்ஃபால்’ என்ற சூராவின் தொடர்ச்சியா தனிச் சூராவா என்று தெளிவாகத் தெரியாததால் எழுதாமல் விட்டார்கள் என்பது ஒரு விளக்கம். பிஸ்மி பாதுகாப்பைத் தருவது, அந்தச் சூரா ஒப்பந்தத்தை முறித்தவர்கள் மீதான அறிவிப்போடு வருவது, ஆகவே சேரவில்லை என்பது இன்னொன்று.

ஸூபிகள் பக்கத்தில் எனக்குப் பிடித்தது இப்னு அறபியின் பதில். நம்ல் சூராவில் ஸுலைமான் நபி ஸபா நாட்டு அரசிக்கு அனுப்பிய கடிதத்தின் தொடக்கமாக ஒரு பிஸ்மி உள்ளே வருகிறது (27:30). அதையும் சேர்த்தால் எண்ணிக்கை மறுபடி 114. தௌபாவில் காணாமல் போன பிஸ்மிதான் அது என்கிறார். இறைவன் கொடுத்த ஒன்றைத் திரும்ப எடுப்பதில்லை, அதனால் அது இன்னோர் இடத்தில் வெளிப்பட்டது. இவ்வளவு அன்பாகக் கணக்குப் பார்த்தவரை நான் வேறு எங்கும் படித்ததில்லை.

இன்னும் ஒன்று. மனிதரில் ஒருவரை, நபி (ஸல்) அவர்களை, ‘றஹீம்’ என்று குர்ஆன் அழைக்கிறது. அந்த வசனம் எந்தச் சூராவில் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? தௌபாவில்தான், 128ஆம் வசனம். தலைப்பில் இல்லாத சொல் முடிவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. றஹ்மான் என்ற பெயரையோ எந்த மனிதருக்கும் கொடுப்பதில்லை. அதனால்தான் நம் பிள்ளைகளுக்கு அப்துர் றஹ்மான், றஹ்மானின் அடிமை, என்று வைக்கிறோம்.

*

தனியாகத் தொழும்போதும் ‘உன்னையே நாங்கள் வணங்குகிறோம்’ என்று ஓதுகிறோம். ஒருவர்தானே நிற்கிறார், யார் அந்த ‘நாங்கள்’?
– ஓய்வு பெற்ற ஒரு தபால் ஊழியர், ஹட்டன்

ஐயா, இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன் என்று சொல்லலாம்.

அறபியில் ‘நஃபுது’ என்றால் வணங்குகிறோம். அதற்குள் ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற பிரிவு கிடையாது. தமிழுக்கு வந்தால் பிரித்தே ஆக வேண்டும். ‘நாம்’ என்றால் கேட்பவரையும் சேர்த்து. ‘நாங்கள்’ என்றால் கேட்பவரை விட்டு. இங்கே கேட்பவன் இறைவன். அவனிடம் போய் ‘நாம் வணங்குகிறோம்’ என்று சொல்ல முடியுமா? மொழிபெயர்த்தவர்கள் எல்லாரும் ‘நாங்கள்’ என்றுதான் எழுதினார்கள். அதைத்தான் இப்னு அறபி புள்ளி என்றார். வணங்குபவன் இந்தப் பக்கம், வணங்கப்படுபவன் அந்தப் பக்கம். ஆறாம் வகுப்புக்கு நாம்–நாங்கள் படிப்பிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வசனம் நினைவுக்கு வரும். ‘நானே அவன்’ என்று ஒரே தாவலில் பேசிவிடுகிறவர்களைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. அவர்கள் பெயர் சொல்லும் பெரிய ஞானிகளே இந்தப் புள்ளியைக் காத்தவர்கள்தான்.

ஒருவர் மட்டும் நின்றுகொண்டு ‘நாங்கள்’ என்பதற்கு இமாம் பக்ருத்தீன் ராஸீ ஒரு காரணம் சொன்னார். பல பொருள்களை ஒரே விலைக்கு ஒன்றாக விற்றால், வாங்குபவன் நல்லதை மட்டும் பொறுக்கிக்கொண்டு குறையுள்ளதைத் தள்ள முடியாது. எடுத்தால் முழுவதையும் எடுக்க வேண்டும். அப்படி, என் குறையுள்ள வணக்கத்தை நல்லடியார்களின் வணக்கத்தோடு கலந்து வைக்கிறேன். ஹட்டனில் இருக்கும் உங்களுக்கு நான் வேறு உவமை தேட வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும்போது ஒவ்வொருவரின் கிலோவும் தனித்தனி. ஆலைக்குள் போய் வாடுவதற்குப் பரப்பிய பிறகு யாருடைய கொழுந்து என்று யார் சொல்வது?

அல்ஹம்து சூராவில் இந்த வசனம் வரைக்கும் இறைவனைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம். அவன் றஹ்மான், றஹீம், தீர்ப்பு நாளின் அதிபதி என்று. இங்கே திடீரென்று ‘உன்னை’ என்று முகம் பார்த்துப் பேசுகிறோம். புகழ்ந்து புகழ்ந்து வந்தவன் மறைவிலிருந்து முன்னிலைக்கு வந்துவிட்டான் என்பார்கள் ஞானிகள். முஸ்லிம் தொகுப்பில் வரும் ஒரு ஹதீஸ் இதைத் திறந்து காட்டும். “தொழுகையை எனக்கும் என் அடியானுக்கும் பாதி பாதியாகப் பிரித்தேன்” என்கிறான் இறைவன். அடியான் ‘அல்ஹம்து லில்லாஹ்’ என்றால் “என் அடியான் என்னைப் புகழ்ந்தான்” என்கிறான். நீங்கள் கேட்ட வசனம் வரும்போது, “இது எனக்கும் என் அடியானுக்கும் இடையில் உள்ளது, அவன் கேட்டது அவனுக்கு உண்டு” என்கிறான்.

கடமையான தொழுகையில் மட்டும் ஒரு நாளைக்குப் பதினேழு முறை இந்தச் சூராவை ஓதுகிறோம். உம்மும்மா ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் மூச்சு விட்டுத்தான் அடுத்ததுக்குப் போவார். சின்ன வயதில் எனக்குப் பொறுமை இருக்காது. “பதில் வர வேணாமா?” என்பார். இந்த ஹதீஸைப் படித்தபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அவர் எதற்காக நிறுத்தினார் என்று அன்றுதான் விளங்கி, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதேன்.

*

மஸ்கெலியாவில் எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து பாவாத மலை (சிவனொளிபாத மலை) தெரியும். ஆதம் நபிக்கு இறைவன் எல்லாப் பெயர்களையும் கற்றுக் கொடுத்தான் என்று ஓதினேன். பிஸ்மியில் வரும் ‘பெயர்’ அதுவா?
– பத்தாம் வகுப்பு மாணவன்

மகன், ஆதம் நபி எங்கே இறங்கினார் என்று குர்ஆன் சொல்லவில்லை. இந்த மலை என்பது மரபு. 1344இல் இப்னு பதூதா இதில் ஏறினார்; ஏறுவதற்கு பாபா வழி, மாமா வழி என்று இரண்டு இருந்தன, ஆதமின் பெயராலும் ஹவ்வாவின் பெயராலும் என்று எழுதி வைத்தார். பெயர்களைக் கற்றுக் கொடுத்த வசனம் 2:31. பொருள்களின் பெயர்கள் என்று விரிவுரையாளர்கள் பலர் சொன்னார்கள். இப்னு அறபி, இறைவனின் திருநாமங்கள் தெரியும் கண்ணாடியாக ஆதமைப் பார்த்தார். அப்படிப் பார்த்தால் நீ கேட்டது சரியான திசைதான். முற்றத்தில் நின்று இதை யோசித்த பிள்ளைக்கு என் துஆ.

*

இந்த விஷயங்களைத் தமிழிலேயே படிக்க என்ன இருக்கிறது டீச்சர்?
– ஒரு வாசகி, பதுளை

இருக்கிறது மகள், நாம்தான் மறந்துவிட்டோம். தக்கலை பீர் முகம்மது அப்பா ‘பிஸ்மில் குறம்’ என்று ஒரு ஞானப் பாட்டு பாடியிருக்கிறார். குறி சொல்லும் குறத்தியின் பாட்டு வடிவத்தை எடுத்து அதற்குள் பிஸ்மியை வைத்தார். எத்தனை துணிச்சல்! குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) பாடிய கண்ணிகளில் ‘ரகுமான் கண்ணி’ என்றே ஒன்று உண்டு. நம் மலையகத்தில், கண்டியில் 1838இல் பிறந்த அறிஞர் சித்திலெப்பையை முஸ்லிம் நேசன் பத்திரிகைக்காகவும் அஸன்பே சரித்திரத்துக்காகவும்தான் பாடசாலையில் சொல்லிக் கொடுக்கிறோம். மறைவதற்கு முந்திய வருடம், 1897இல், ‘அஸ்றாறுல் ஆலம்’ என்ற ஞான நூலையும் அவர் வெளியிட்டார். அதையும் தேடிப் படியுங்கள்.

அச்சில் வராதவையும் உண்டு. என் உம்மும்மாவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் அறபுத்தமிழில், அதாவது அறபு எழுத்தில், தமிழை எழுதுவார். அறபியில் இல்லாத நம் ஒலிகளுக்கு, இருக்கிற எழுத்துகளிலேயே புள்ளி கூட்டி எழுத்து உண்டாக்கிக்கொண்ட மக்கள் நாம். அவருடைய கொப்பி ஒன்றில் பைத்துகளும் (பாடல்களும்) மருந்துக் குறிப்புகளும் பிஸ்மிக்கு விளக்கமும் இருந்தன. மழைக்காலத்தில் அலுமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டேன். ஈரத்தில் ஊறிப் பூச்சி அரித்து, நான் எடுத்துப் பார்க்கும்போது முதல் நாலு தாள்தான் மிஞ்சியிருந்தது.

உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் தயவு செய்து இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் வெயிலில் வைக்க வேண்டாம், மை வெளுக்கும். நிழலில் காற்றுப் படும்படி விரித்து வையுங்கள். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிய்க்க வேண்டாம். எழுதியவர் பெயர், ஊர், வருடம் எங்காவது இருந்தால் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் பிடியுங்கள். நூலகம் நிறுவனம் போன்றவர்கள் இப்படிப்பட்ட ஆவணங்களை மின்வடிவில் சேர்த்து வைக்கிறார்கள். வாசிக்கத் தெரியவில்லை என்றால் பக்கத்தின் படத்தை இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். எனக்கு அறபுத்தமிழ் இன்னும் மறக்கவில்லை.